மாமியாருக்கு ஒதுங்கும் வண்டிகள்

மினி பஸ்ஸில் ஏறிய பிரேக் அக்கா, பழக்கதோஷத்தில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். கையில் பேனாவோடு பின்னாலேயே ஏறிய தேர்வு அதிகாரி அவளைப் பார்த்தார், காலியாக இருந்த ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தார்.

"ஏம்மா, ஓட்டிக் காட்டப் போறது நீங்களா, நானா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். ஏறக்குறைய இருபது வருடம் அந்தப் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்து உலகத்தைப் பார்த்தவள். அவளுடைய பழைய காரில் அந்த இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வருபவர்கள் பதறும்போதெல்லாம் "பிரேக்! பிரேக்!" என்று கத்திக்கொண்டே அதைத் தானே அழுத்திவிடுவாள். அந்தக் கத்தல்தான் பெயராக ஒட்டிக்கொண்டது. எத்தனையோ பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள், இன்று முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் மினி பஸ் ஓட்டுநர் வேலை. இல்லாவிட்டால் அண்ணியின் சலவைக் கடையில் மறுபடி படுக்கை விரிப்பு மடிக்க வேண்டியதுதான். வேலைக்கான வயது வரம்பை அடுத்த மாதம் அவள் தாண்டிவிடுவாள், அதனால் இன்னொரு தடவை என்ற பேச்சே இல்லை.

அண்ணி நல்லவள். மடிக்கிற வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பயிற்சிக்கு ஆள் வராமல் போனபோது கூப்பிட்டு வேலை கொடுத்தவளும் அவள்தான், புதிய போக்குவரத்து நிலையத்தின் தூணில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னவளும் அவள்தான். காலையில் தன் கேன்வாஸ் ஷூவைக் கழற்றிக் கொடுத்து, "செருப்போட போய் நிக்காதே. துணி மடிக்க எனக்கு ஆயிரம் பேர் கிடைப்பாங்க. கிடைக்கலைன்னா திரும்பி வா, கடை எங்கேயும் ஓடிப்போகாது" என்று அனுப்பிவைத்தாள். ஷூ கொஞ்சம் பெரிது. முன்பக்கம் துணி திணித்திருந்தது.

"மெதுவா எடுங்க. நிலையத்தை ஒரு சுத்து சுத்தி வந்து இதே இடத்துல நிறுத்தணும். சும்மா சும்மா ஸ்டியரிங்கை ஆட்டக் கூடாது. ஜனங்க நடக்கிற இடம்" என்றார் அதிகாரி. வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்று வாசலில் சொல்லியிருந்தார்கள். வெடுக்கென்று பேசுகிற ஆள் மாதிரி தெரிந்தாலும், அவள் ஏறும்போது படியில் கிடந்த தண்ணீர் பாட்டிலை ஒதுக்கி வைத்ததை அவள் கவனித்திருந்தாள்.

வண்டி நகர்ந்தது. மேலே ரயில், நடுவில் டிக்கெட் கூடம், தரையில் பஸ்கள், ஓரத்தில் தெருத்தெருவாகப் போய்வரும் மினி பஸ்கள் என்று அந்த இடம் ஆளே மாறிப் போயிருந்தது. இதே இடத்தில் முன்பு முட்புதரும் உடைந்த செங்கல்லும்தான் கிடந்தன. அதற்கும் முன்னால் சோப்பு கம்பெனி. கம்பெனி மூடி, கட்டடங்களை இடித்த பிறகு பங்காளிகளுக்குள் வழக்கு வந்துவிட்டது. நகரத்தின் நட்ட நடுவில் அவ்வளவு பெரிய நிலம் கேட்பாரற்றுக் கிடந்தது. மழை பெய்தால் ஓரங்களில் இன்னும் நுரை கட்டும். அந்த நிலத்தில்தான் பிரேக் அக்கா தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, முதல் ஆளுக்கு கிளட்ச் எது என்று காட்டினாள். ஒருத்தரும் வந்து "யாரைக் கேட்டு இங்கே ஓட்டுகிறாய்" என்று கேட்கவில்லை. வழக்கு முடிந்து, நிலையம் கட்ட வேலி போட்ட அன்றைக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் துக்கம் விசாரிப்பது போல வந்தார்கள்.

"பொழப்புல மண்ணைப் போட்டுட்டாங்களேம்மா" என்றார் எதிர்ச் சாரி மருந்துக் கடைக்காரர்.

"இத்தனை வருஷம் வாடகை கேக்காம வெச்சிருந்துச்சே அண்ணே. அதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். வாய்ப்பேச்சுக்குச் சொன்னதல்ல. அவளுக்கு நிஜமாகவே அந்த நிலத்தின் மேல் நன்றிதான் இருந்தது. தன்னுடையது என்று ஒரு நாளும் நினைக்காத ஒன்றைப் பறிகொடுத்ததாக எப்படி அழுவது? மடிப்பு மேசைக்குப் பக்கத்து ஜன்னல் வழியாகத் தூண்கள் எழும்புவதை அவள் தினமும் பார்த்தாள். பொறாமையாக இருக்கவில்லை. நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்ட தோழியைப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

இப்போது அந்தத் தோழியின் வீட்டுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருக்கிறாள். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. முதல் திருப்பம் சரி, பயணிகள் கடக்கும் கோட்டில் நிறுத்தியதும் சரி. ஒரு பெரியவர் கைத்தடியோடு கடக்கும்வரை பொறுத்து எடுத்தாள். அதிகாரியின் பேனா அசையவில்லை. இரண்டாவது திருப்பத்தைத் தாண்டியதும் எதிரே நெடுநெடுவென்று புகைபோக்கி நின்றது. சோப்பு கம்பெனியின் மிச்சமாக அதை மட்டும் இடிக்காமல் விட்டு, சுண்ணாம்பு அடித்து, ஒரு கடிகாரமும் பொருத்தியிருந்தார்கள். அது முன்கண்ணாடிக்கு நேராக வந்ததும் அவள் கைகள் தாமாகவே ஸ்டியரிங்கை வலது பக்கம் வளைத்து, அடுத்த நொடி மறுபடி நேராக்கின. வண்டி ஒரு ஆட்டம் ஆடி அடங்கியது.

பேனா எழுதத் தொடங்கியது.

"அங்க ஒண்ணுமே இல்லையேம்மா. எதுக்கு ஒதுங்கினீங்க?"

செய்த பிறகுதான் செய்ததே அவளுக்குத் தெரிந்தது. பொய் சொல்ல நேரமில்லை.

"மாமியார் சார்" என்றாள்.

அதிகாரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "உங்க மாமியாரா? எங்கே?"

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவள் சொன்னாள். சோப்பு கம்பெனியின் எண்ணெய்த் தொட்டி ஒன்று முன்பு அங்கே தரைக்கடியில் இருந்தது. மேலே மூடிய பலகைக்கல் இற்றுப்போய், பார்த்தால் வெறும் தரை மாதிரியே இருக்கும். தொழில் தொடங்கிய புதிதில் கற்றுக்கொள்ள வந்த பல் டாக்டர் அம்மா ஒருவர் ஓட்டும்போது முன்சக்கரம் உள்ளே போய்விட்டது. லாரி வைத்து இழுத்த பிறகும் பல நாட்கள் காருக்குள் சோப்பு வாசனைதான். அன்றிலிருந்து சட்டம் போட்டாள். புகைபோக்கி நேராக வந்ததும் வலது பக்கம் ஒதுங்கு, தாண்டியதும் நேராக்கு. சும்மா இருக்கிற மாதிரி இருக்கும், சமயம் பார்த்துக் காலை வாரிவிடும் என்பதால் குழிக்கு மாமியார் என்று பேர் வைத்தது அந்த டாக்டர் அம்மாதான். பேர் ஊரெல்லாம் பரவி, பிரேக் அக்காவின் நிஜ மாமியார் காதுக்கும் போயிற்று. "எனக்கு ஒரு நாளாவது இப்படி ஒதுங்கி வழி விட்டிருப்பியா?" என்று அவர் கேட்டதில் வீடே சிரித்தது.

அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவை மூடிவிட்டு, "இருங்க, இருங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து ஒரு மஞ்சள் மினி பஸ் திருப்பத்தைத் தாண்டி வந்தது. புகைபோக்கிக்கு நேராக வந்ததும், யாரோ நடுவில் படுத்திருப்பது போல ஒதுங்கி, வளைந்து, நேரானது. அதிகாரி கீழே இறங்கிக் கையைக் காட்டி நிறுத்தினார். ஓட்டியவளைப் பார்த்ததும் பிரேக் அக்காவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எதிரே சைக்கிள் வந்தாலும் கண்ணை இறுக மூடிக்கொள்வாளே, அந்தக் கண்மூடி! வேலியடைக்கும் முன் கடைசியாகக் கற்றுக்கொண்டவர்களில் ஒருத்தி. இப்போது கண்ணாடி போட்டு, சீருடை போட்டு, வண்டி நிறைய ஆட்களோடு வருகிறாள்.

"ஏம்மா, அங்க ஏன் ஒதுங்கினே?" என்றார் அதிகாரி.

"எங்கே சார்? நான் நேராத்தானே வந்தேன்?"

"நல்லா நேரா வந்தே. திரும்பிப் பாரு."

கண்மூடி திரும்பிப் புகைபோக்கியைப் பார்த்தாள். பிறகு பக்கத்து வண்டியில் இருந்த பிரேக் அக்காவைப் பார்த்தாள். கை வாய்க்குப் போயிற்று. "ஐயையோ அக்கா... மாமியாரு!"

பஸ்ஸுக்குள் இருந்த பயணிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அதிகாரிக்குப் புரிந்துவிட்டது. வந்த நாளிலிருந்து அவர் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாராம். நாலைந்து ஓட்டுநர்கள் ஒரே இடத்தில் வண்டியை ஆட்டுகிறார்கள், கூப்பிட்டுக் கேட்டால் ஒருத்தருக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை. வேண்டுமென்றே விளையாடுகிறார்கள் என்று நினைத்து, எல்லாருக்கும் எச்சரிக்கை எழுதிக் கொடுக்கிற முடிவில் இருந்தாராம். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்தார்.

பிரேக் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலைந்து பேர்! தான் துணி மடித்துக்கொண்டிருந்த நாட்களில், தன்னிடம் கற்ற பிள்ளைகள் இங்கே ஊரையே ஏற்றி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வேலை கிடைக்காவிட்டால்கூடப் பரவாயில்லை, இதைத் தெரிந்துகொண்டதே போதும் என்று ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணமே, இல்லை, வேலையும் வேண்டும் என்று நினைத்தாள்.

"சிரிச்சாலும் தப்பு தப்புதான்" என்று கண்களைத் துடைத்துக்கொண்டே ஏறினார் அதிகாரி. "திடீர்னு ஒதுங்கினா பக்கத்துல நடக்கிறவங்க என்ன ஆவாங்க? அந்த நாலஞ்சு பேரையும் நீங்கதான் திருத்தணும். ஆனா நீங்க திருந்துவீங்களான்னு முதல்ல தெரியணும். இன்னொரு சுத்து போங்க. இந்தத் தடவை நேரா."

"பழகின கை சார்."

"தெரியுது. அதான் பார்க்கணும்."

மறுபடி எடுத்தாள். முதல் திருப்பம். கடக்கும் கோடு. இரண்டாவது திருப்பம். ஷூவுக்குள் திணித்திருந்த துணியைக் கால் விரல்கள் இறுகப் பற்றிக்கொண்டன. அவளுடைய இத்தனை வருடத் தொழிலில் ஒரு சக்கரத்தைக்கூட அந்த இடத்தில் பட விட்டதில்லை. புகைபோக்கி மெல்ல நகர்ந்து வந்து கண்ணாடிக்கு நடுவில் நின்றது. கைகள் வளையப் பார்த்தன. மணிக்கட்டு வலிக்கும் அளவுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பிரேக், பிரேக் என்று உள்ளே அவளுடைய குரலே கத்தியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் நேராக விட்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. முன்சக்கரம் போயிற்று, பின்சக்கரமும் போயிற்று. ஒரு சின்னக் குலுக்கல்கூட இல்லை. கீழே தரை கெட்டியாக இருந்தது. அவளையும் அதிகாரியையும் வண்டியையும் அது பேசாமல் தாங்கிக்கொண்டது. இத்தனை நாள் வாடகை கேட்காமல் வைத்திருந்த நிலம் இப்போது வேலையும் கொடுக்கிறதே என்று நினைத்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ள ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கத் தோன்றவில்லை.

பக்கவாட்டுக் கண்ணாடியில் மஞ்சள் மினி பஸ் தெரிந்தது. ஆட்களை ஏற்றிக்கொண்டு கண்மூடி பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். புகைபோக்கிக்கு நேராக வந்ததும் அந்த வண்டி, வெறும் தரைக்கு வழிவிட்டு, மரியாதையாக வலது பக்கம் ஒதுங்கிப் போயிற்று.