மூன்றாம் பாகமும் மூன்று பொன்னாடைகளும்

“ஒரே பாட்டுதானே? இன்னாத்துக்கு நடுநடுவுல நிறுத்துறீங்கோ?”

“மூணு பாகம் சார். வெஸ்டர்ன் மியூசிக்ல சொனாட்டான்னா அப்படித்தான். நிறுத்தும்போது யாரும் கைதட்டாம இருந்தா நல்லது.”

“கைதட்டலன்னா, எச்.ஆர். இன்னா கிழிச்சுதுன்னு கேப்பாங்கம்மா.”

எச்.ஆர். அதிகாரி டில்லிபாபு அதோடு போய்விட்டார். சுகப்பிரியா உதட்டைப் பிதுக்கினாள். இசக்கிபாண்டி சாக்ஸபோனைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் குவாலிட்டி இன்ஜினியர். அவன் அதே ஆலையில் பெயிண்ட் அடிக்கும் பிரிவு. தெற்கே கோயில் கொடை விழாக்களில் மாமாவோடு வாசித்துத் திரிந்தவனை, ஷிஃப்ட் முடிந்த பிறகு கேண்டீனில் உட்காரவைத்து, ஒரு மழைக்காலம் முழுக்க இதைப் பழக்கியிருந்தாள். முதல் இரண்டு பாகங்களில் அவளுடைய பியானோ பேசும், சாக்ஸபோன் உம் கொட்டும். மூன்றாவதில்தான் சாக்ஸபோன் வாயைத் திறக்கும். நாளைக்கு அவள் புனே ஆலைக்கு மாற்றலாகிப் போகிறாள். இன்றைக்கு விட்டால் அந்த மூன்றாம் பாகம் அவனுக்கு இல்லை.

“மூணாவதுக்கு மூச்ச மிச்சம் வச்சுக்கோங்க பாண்டி.”

“போன மழைலேர்ந்து வச்சிருக்கேன் மேடம்.”

ஒரகடம் ஆலையின் ஆண்டு விழா. அழைப்பிதழில் பியானோ என்று இருந்தது. மேடையில் இருந்தது பென்னலூர் சர்ச்சில் இரவல் வாங்கிய கீபோர்டு.

முதல் பாகம் முடிந்து அவன் மூச்சு வாங்குவதற்குள் டில்லிபாபு பொன்னாடையோடு மேடையேறிவிட்டார். ஆலை மேலாளர் அதை அவனுக்குப் போர்த்திவிட்டு, சிறுவயதில் தான் மிருதங்கம் கற்கப் போய்த் திரும்பி வந்த கதையைச் சொன்னார்.

இரண்டாம் பாகம் மெதுவானது. பின்வரிசையில் நைட் ஷிஃப்ட்காரர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். சத்தம் நின்றதும் விழித்து, முதலில் கைதட்டியவர்களும் அவர்களே. இம்முறை கேண்டீன் காண்டிராக்டர் வந்தார். அவருடைய பொன்னாடை மேலாளருடையதைவிட ஒரு முழம் நீளம்.

முன்வரிசையில் வெளிநாட்டு இயக்குநர் ஒருவர் மட்டும் கைதட்டாமல் காத்திருந்தார். அவருக்கு சொனாட்டா தெரியும். இசக்கிபாண்டிக்கு உயிர் வந்தது. ஆனால் அவருக்குப் போன வாரம்தான் நம் பண்பாடு பற்றி ஒரு நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். டில்லிபாபு தட்டை நீட்டியதும் எழுந்தார், கும்பிட்டார், “வணக்கம்” என்றபடி மூன்றாவது பொன்னாடையை எடுத்துக்கொண்டு மேடையேறினார்.

“மூணும் முடிஞ்சுது, பஸ்ஸு கெளம்புது, எல்லாரும் ஏறிக்கோங்கபா” என்றார் டில்லிபாபு மைக்கில்.

நாற்காலிகள் மடங்கத் தொடங்கின. சுகப்பிரியாவின் விரல்கள் இன்னும் கட்டைகள்மேலேயே இருந்தன. கழுத்துவரை ஜரிகை மூடிய இசக்கிபாண்டி, துணிக்குள்ளிருந்து சாக்ஸபோனின் வாயைத் தேடி எடுத்துக்கொண்டே மேடை விளிம்புக்கு வந்தான்.

“சார், இன்னும் ஒரு பாகம் இருக்கு. பஸ்ஸ அஞ்சு நிமிசம் நிறுத்தச் சொல்லுதியளா?”