சோடா பாட்டில்

விடுதியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருமில்லை. எல்லோருக்கும் அவள் பச்சை. கேண்டீனில் பேப்பர் கப்பை நீட்டினால், பையிலிருந்து தன் எவர்சில்வர் டம்ளரை எடுத்து நீட்டுவாள். எவளாவது பிளாஸ்டிக் கரண்டியோடு கண்ணில் பட்டுவிட்டால் போச்சு, சாப்பாடு ஆறி அவலாகும்வரை விடமாட்டாள். பூமியைக் காப்பாற்றுவதில் தப்பு ஒன்றும் இல்லை. காப்பாற்றும்போது நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதுதான் பச்சைக்கு இருந்த வியாதி.

அவளோடு ஒரே அறையில் இருந்தவள் கொசு. ஒல்லி உடம்பு, காதோரம் ஓயாத பாட்டு, அதனால் அந்தப் பட்டம். பச்சையின் சட்டதிட்டங்களுக்கெல்லாம் தலையாட்டிய ஒரே ஜீவன். ஷாம்பூவை விடு என்றாள், விட்டாள். மின்விசிறியை நிறுத்து என்றாள், வேர்த்து விறுவிறுத்துப் படுத்துக் கிடந்தாள்.

அந்தப் பருவத்தில் பச்சையைப் பிடித்த பைத்தியம் பழத்தோல். ஜூஸ் கடையில் கொட்டும் தோலை அள்ளிவந்து, சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து மூடி வைத்தால், மாதக்கணக்கில் புளித்துத் தரை துடைக்கும் திரவம் ஆகும். பிளாஸ்டிக் டப்பாவில்தான் ஊறவைக்க வேண்டும், தினமும் மூடியைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும் என்று வீடியோவில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். பிளாஸ்டிக்கா, என் அறையிலா என்று முகம் சுளித்த பச்சை, பெரிய கண்ணாடி பாட்டில் ஒன்றைத் தேடிப் பிடித்தாள்.

நாற்றம் குடலைப் பிடுங்கியது. பக்கத்து அறைக்காரிகள் வார்டனிடம் போய் நின்றார்கள்.

"இன்னொரு தடவ இந்தக் கண்றாவிய இங்க பாத்தேன், பெட்டியக் கட்டிக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்" என்று வார்டன் கத்திவிட்டுப் போனார்.

பச்சை அதைக் கொட்டவில்லை. மூடியை இறுக்கித் திருகி, கொசுவின் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பரீட்சை மும்முரத்தில் அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோனது.

கொசு செருப்பைத் தேடிக் குனிந்தபோது பாட்டில் வெடித்தது.

ஆஸ்பத்திரியில், "என்னம்மா ஆச்சு?" என்று டாக்டர் கேட்டார். ஸ்ட்ரெச்சரில் கொசு முனகிக்கொண்டு கிடந்தாள். வார்டன் பச்சையின் தோளை ஒட்டி நின்றார். பச்சை அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சோடா பாட்டில், டாக்டர். வெடிச்சிருச்சு."

கண்ணிலிருந்து கண்ணாடிச் சில்லை எடுத்துத் தையல் போட்டார்கள். குத்தியது கண்ணாடிதானே, உள்ளே எது இருந்தால் என்ன என்று பச்சை தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் ஒரு வாய்ச் சோற்றைக்கூட உள்ளே இறங்க விடவில்லை. மறுநாள் வந்த கொசுவின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ மட்டும் கூட இல்லேன்னா எம் பொண்ணு கதி என்னாயிருக்கும்மா!" அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பாவி.

வாரக் கடைசியில் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கண்ணுக்குள்ள பூஞ்ச பிடிச்சிருக்கு. சோடாவுல பூஞ்ச எங்கேர்ந்து வரும்? அதுல என்ன இருந்துச்சு?"

பச்சை ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, அதுக்கான மருந்த அன்னைக்கே ஆரம்பிச்சிருப்பேன். காப்பாத்தியிருக்கலாம்."

"இப்ப?"

"கண்ண எடுத்தாகணும். அவங்க அம்மாவ வரச் சொல்லு."

அம்மா உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. பச்சை வார்டுக்குள் வந்து கட்டிலோரம் நின்றாள். கண்ணில் கட்டோடு படுத்திருந்த கொசு, மூச்சுச் சத்தத்திலேயே ஆளைக் கண்டுகொண்டு கையை நீட்டினாள்.

"டாக்டர் உங்கிட்ட எதுவுமே கேக்கலயாடி?" என்று பச்சை கேட்டாள்.

"கேட்டாரே. திரும்பத் திரும்பக் கேட்டாரு. நீ சோடான்னு சொன்னது காதுல விழுந்துச்சு. மாத்திச் சொன்னா உன்ன விடுதிய விட்டே அனுப்பிருவாங்கன்னு நானும் சோடான்னே சொல்லிட்டேன்."

கொசு அவள் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப வலிக்குதுடி. உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னா, இப்ப சொல்லிரலாமா?"