சொர்ணாம்பாள் தட்டிப் பார்த்த பெயர்

1964 ஆவணியில் விருத்தாசலத்தில் பிறந்த கெர்ஹார்டைத் தட்டினால், சுட்ட பீங்கான் போலக் கணீரென்று ஓசை வந்தது. அதை முதலில் கேட்டவள் அவனுடைய தாய் சொர்ணாம்பாள். பீங்கான் பட்டறையில், சூளையிலிருந்து இறங்கும் டீக் கப்புகளை மூங்கில் குச்சியால் தட்டிப் பார்ப்பது அவள் வேலை. கணீரென்றால் கூடைக்கு, பொத்தென்றால் பின்புறத்து உடைசல் மேட்டுக்கு. கண்ணுக்குத் தப்பிய விரிசல் அவள் காதுக்குத் தப்பியதில்லை.

முதல் மூன்று பிள்ளைகளையும் ஒரு வயது முடியுமுன் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். நாலாவதையாவது ஒரு கெட்டியான பெயரால் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டுமென்று, பிறந்த அன்றே போதகரை வரவழைத்து ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னாள். அவருடைய சபையில் பழைய ஜெர்மன் மிஷனரிமார் விட்டுப்போன பெயர்கள் இருந்தன. கெர் என்றால் ஈட்டி, ஹார்ட் என்றால் உறுதி என்று விளக்கினார். அந்தக் காலத்து ஜெர்மானியர் இப்படி இரண்டு சொற்களைச் சேர்த்து ஆண்பிள்ளைக்கு வைப்பார்களாம். பாட்டன் பெயரில் பாதி, மாமன் பெயரில் பாதி என்றுகூட எடுப்பார்களாம்.

“ஒட்டு போட்ட பேருங்களா ஐயா?” என்று கேட்டாள் சொர்ணாம்பாள்.

“ஒட்டுதாம்மா. ஆயிரம் வருசமா ஒட்டு வுட்டுப்போவலையே.”

கப்பின் உடலையும் பிடியையும் தனித்தனியே செய்துதான் ஒட்டுவார்கள். இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்கும்போது களிமண் குழம்பைத் தடவி ஒட்ட வேண்டும். ஒன்று காய்ந்தும் மற்றது ஈரமாகவும் இருந்தால், ஈரமானது மட்டும் பிறகு சுருங்கும், ஒட்டிய இடம் விரியும். ஆயிரம் வருடம் காய்ந்த பெயரைத் தொப்புள்கொடி காயாத பிள்ளைமேல் ஒட்டுகிறோமே என்று அன்று சொர்ணாம்பாளுக்குத் தோன்றவில்லை. சூளையில் சாமான் அடுக்கும் அவள் புருஷன் தங்கராசுக்கும் தோன்றவில்லை.

கெர்ஹார்டுக்குக் காய்ச்சல் வரவில்லை, காலில் முள் ஏறவில்லை. கொசுக்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போயின. பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள், “புள்ள பெத்தியா, ஊறுகா ஜாடி வாங்கியாந்தியாடி?” என்றாள்.

“ஜாடின்னாலும் என் ஜாடிதான், போக்கா.”

ஆறு வயதில் அவன் இடது தோளில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. அது வருடத்துக்கு ஒரு நெல் நீளம் மார்பை நோக்கி இறங்கியது. தினமும் காலையில் சொர்ணாம்பாள் அவன் தோளை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள். ஓசை சரியில்லாத நாட்களில் பள்ளிக்கு அனுப்பாமல், கப்பு அடுக்கும் வைக்கோலில் படுக்க வைப்பாள். பெயரை எடுத்துவிட முடியுமா என்று போதகரிடம் ஒருமுறை கேட்டாள். சுட்ட மண் மறுபடி களிமண் ஆகாது என்பது அவளுக்கே தெரியும், ஆகவே இரண்டாம் முறை கேட்கவில்லை.

1976 மாசியில் பதினோரு நாள் தொடர்ந்து வைக்கோலில் கிடந்தான். பன்னிரண்டாம் நாள் எழுந்து தானே சட்டையை மாட்டிக்கொண்டு வந்து தோளைக் காட்டினான். தட்டினாள். பொத்தென்றது.

“எப்படிம்மா இருக்குது? இன்னிக்கு கபடிக்கு ஆள் எடுக்கறாங்க. நான் ஆட மாட்டேன், சும்மா நின்னு பாக்கறேன்.”

சொர்ணாம்பாள் அவன் முகத்தைப் பார்த்தாள். “நல்லாருக்குடா. போயிட்டு வா” என்றாள்.

பள்ளிக்கூடத்தில் மணியாகத் தொங்கியது ஒரு தண்டவாளத் துண்டு. அதை அடித்தபோது அவன் பக்கத்தில் நின்றிருந்தான். பெரிய ஓசைக்குப் பீங்கான் கூடவே அதிரும், விரிசல் இருந்தால் அந்த இடத்தில் விட்டுப்போகும். அவன் இரண்டானான். ரத்தம் இல்லை. இரண்டையும் வைக்கோல் சுற்றிக் கட்டி ஒரே குழியில் இறக்கினார்கள்.

நாலாம் நாள் அவள் வேலைக்குப் போனாள். கணீரென்றதையும் பொத்தென்றதையும் “நல்லாருக்கு” என்று சொல்லிக் கூடையிலேயே போட்டாள். உடைசல் மேடு அதன்பின் வளரவில்லை, அதில் எருக்கு முளைத்தது. விரிசல் விட்ட கப்புகள் திட்டக்குடிக்கும் சேத்தியாத்தோப்புக்கும் போய் டீக்கடைகளில் ஆண்டுக்கணக்கில் புழங்கின. ஒன்றுகூட ஒழுகவில்லை. குடித்தவர்கள் விரிசலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இன்னொரு டீ சொன்னார்கள்.