பன்னிரண்டாவது குச்சி

சிவப்புத் துணியைக் கட்டச் சொன்னது நான்தான். வேலம்மாக்காவின் பழைய சேலைக்கரை அது. அதைக் கிழித்துப் பன்னிரண்டு மூங்கில் குச்சிகளில் கட்டி, ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்துப் புல்வெளியில் பன்னிரண்டு கோரைக் குத்துகளின் அருகே ஊன்றினோம். தண்டை விரலிடையே உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும் அபூர்வக் கோரை. நாங்கள் தேடிய வரையில் வேறெங்கும் இல்லை. பாறைமேல் ஒரு சாண் மண்ணில் நிற்கிறது. பிடுங்கினால் மறுபடி வேர் பிடிக்காது. அதை எண்ணி எழுதத்தான் பல்கலைக்கழகத்தில் எனக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை கொடுத்திருந்தார்கள். வேலம்மாக்கா பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், எனக்கு வழித்துணை.

எண்பத்தொன்பதாம் ஆண்டு, ஆகஸ்ட். ரோட்டோரங்களில் டயர் போட்டு எரித்த உடல்கள் கிடந்த மாதம். கிளர்ச்சிக்காரர்களின் நிறம் சிவப்பு. அது உறைக்காத மடச்சி நான். உக்குவளையிலிருந்து பஸ்ஸில் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு வந்தேனே தவிர, மூளையைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை நாங்கள் போனபோது ஆறு சிப்பாய்கள் அங்கே நின்றார்கள். கீழே எதைப் புதைத்திருக்கிறாய் என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டான். புல்லுக்கு அடையாளம் என்றேன். புல்லுக்கு யாராவது கொடி கட்டுவார்களா என்று மண்வெட்டியை என் காலடியில் எறிந்தான்.

கண்ணிவெடிக்குப் பயந்து எங்களையே தோண்டவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் துப்பாக்கி. மண்வெட்டி பாறையில் மோதியதும் அடுத்த துணியைக் காட்டுவான். ஒவ்வொரு குத்தும் வேரோடு வந்தது. அழுகையைவிடப் பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. கை தானாக வெட்டியது. பதினொன்று முடிந்தது.

பன்னிரண்டாவதன் துணியைக் காற்று கொண்டுபோயிருந்தது. குச்சி மட்டும் புல்லுக்குள் மறைந்து, அதிகாரியின் சப்பாத்துக் காலுக்கு நாலடி தள்ளி நின்றது.

இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். மறைத்து, அவன் கண்டுபிடித்தால் இரண்டு பேரையும் இங்கேயே சுட்டுப் போடுவானாம்.

“இல்லை சேர்” என்றேன்.

அவன் நம்பவில்லை. புல்லைக் காலால் விலக்கியபடி நடந்தான். மூன்றடி. இரண்டடி.

“ஐயோ, வயிறு!”

வேலம்மாக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி, சரியாக அந்த இடத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு சுற்றிலும் விரிந்தது. அதிகாரி திட்டினான். அவர் எழவில்லை; குனிந்து ஓங்கரித்தார். அவன் அருவருத்துக் காறித் துப்பிவிட்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்கினான். ஜீப் சத்தம் அடங்கும்வரை நாங்கள் அசையவில்லை.

கைகொடுத்துத் தூக்கினேன். குச்சியின் சீவிய மேல்முனை தொடையில் ஏறியிருந்தது. சாக்கு நனைந்து, இரத்தம் கணுக்கால்வரை வழிந்தது. அடியில் கோரை நசுங்கிக் கிடந்தது. நான் குனிந்து முதலில் அதைத்தான் தொட்டுப் பார்த்தேன். வேர் அசையவில்லை.

வேலம்மாக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு மூணு புள்ளைங்க இருக்குனு ஒனக்குத் தெரியுந்தானே” என்றார். “இல்லேனு சொல்றதுக்கு முன்னுக்கு என் மூஞ்சிய ஒரு தடவ பாத்தியா, புள்ள?”

பார்க்கவில்லை. அப்போதும் என் விரலிடையே கோரைத் தண்டுதான் இருந்தது.