சின்ன ஓட்டைக்கு நாற்பது புள்ளி

கந்தளாய்க் குளத்துத் தண்ணீரை வடித்துக் குடிப்பதற்கு ஒரு குழாய் வாங்க வேண்டியிருந்தது. குழாய்க்குள் சவ்வு. சவ்வில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அவற்றைப் பற்றி முடிவெடுக்கக் கிராமத்துக் குடிநீர்ச் சங்கத்தின் ஏழு பேர் கூடினார்கள். ஒருவரும் அந்தத் துளைகளைக் கண்டதில்லை. நானும் கண்டதில்லை. ஆனால் எனக்கு அதற்குப் பட்டம் தந்திருக்கிறார்கள்.

நான் நீர்ப் பரிசோதகன். திருகோணமலையிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். அந்தக் கிராமத்தில் தொண்ணூறு குடும்பங்கள். கிணற்றுத் தண்ணீர் கடினம். கேத்தலுக்குள் வெள்ளைப் பொருக்குக் கட்டும். சங்கச் செயலாளர் ரிஸ்லாவின் தாய் சனூஸாவுக்குச் சிறுநீரகம் பழுது. கிணற்றுத் தண்ணீர் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். குளத்துத் தண்ணீர் வடிந்து வந்தால்தான் அவருக்குக் குடிதண்ணீர். கூட்டத்தில் இது ரிஸ்லாவுக்கு மட்டும் ஞாபகமிருந்தது.

நான் ஒரு குழாயை அங்கேயே நாற்பத்து மூன்று நாள் ஓட்டிப் பார்த்திருந்தேன். அடைபடவில்லை. நிசாந் என்ற விற்பனையாளர் இன்னொன்றைக் கொண்டுவந்தார். ஓட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அதன் துளை என்னுடையதில் கால்வாசி. சங்கத்தின் புள்ளித்தாளில் துளையின் சிறுமைக்கு நாற்பது புள்ளி. விளக்கப் புத்தகத்தின் அச்சுக்குப் பத்து. சவ்வின் மேற்பரப்புக்கு இடமே இல்லை.

“கிருமி இரண்டிலயும் போகாது,” என்றேன். “என்ர ஓட்டையை விடக் கிருமி பல மடங்கு பெரிசு. பிரச்சினை குளத்துப் பாசிப் பசை. இவரின்ர சவ்வு தண்ணியை வெறுக்கிற சாமான். பசைக்கு அது நல்ல விருப்பம், போய் ஒட்டும். என்ர சவ்வு தண்ணியைத் தன்னில பிடிச்சு வைச்சிருக்கும். பசைக்கு இருக்க இடமில்லை. அதுக்கும் பசைக்கும் ஒரே மின்னேற்றம், அதால ஒண்டையொண்டு தள்ளவும் செய்யும்.”

அவர்களுக்கு விளங்கவில்லை. பையிலிருந்து இரண்டு குளியல் துவாய்களை எடுத்தேன். என் கலியாணத்துக்கு வந்த சோடி. ஒன்று பாவித்தது, மற்றது பிரிக்காதது. இரண்டிலும் தண்ணீர் தெளித்தேன். பழையது உடனே குடித்தது. புதியதில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது.

“ஒரே நெசவு, ஒரே ஓட்டை. மேற்பரப்புத்தான் வேற,” என்றேன்.

தலைவர் தங்கத்துரை கண்ணாடியைக் கழற்றினார். மூடிய சீனி ஆலையில் வேலை செய்தவர். அங்கே வருகை பதிந்தவர். இருந்தாலும் வடிகட்டல் தெரிந்தவர் என்று ஊரில் பெயர்.

“தம்பி, நாங்கள் கரும்புப் பாணியே வடிச்ச ஆக்கள். எங்களுக்குத் துவாய் காட்டுறீங்கள்.”

“பெரிய ஓட்டையை வைச்சுக்கொண்டு நல்ல கதை கதைக்கிறார்,” என்றார் நிசாந்.

சிரித்தார்கள். தலைவர் பக்கத்துக் கதிரைக்காரரிடம் குரலைத் தாழ்த்தினார். எனக்குக் கேட்கும் அளவுக்குத்தான் தாழ்த்தினார்.

“பாவம், கட்டின மனிசி செத்துப் பத்து மாசம். அந்தப் பொடியனுக்கு இப்ப ஒண்டும் சரியாத் தெரியாது.”

எல்லோரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். இரக்கத்தோடே பூச்சியம் போட்டார்கள்.

என் குழாயைக் கழற்றினேன். காயவிட்டால் செத்துவிடும் என்பதால், தண்ணீர்ப் பீப்பாய்க்குள் அமிழ்த்தி மோட்டர் அறை மூலையில் வைத்தேன்.

திறப்பு விழாவில் நாடா வெட்டினார்கள். பைப்பில் தண்ணீர் பாய்ந்தது. நிசாந் படம் எடுத்தார். நான்காம் நாள் பாய்ச்சல் பாதியானது. பின்னோக்கிக் கழுவினேன்; ஒரு நாள் தாங்கியது. எட்டாம் நாள் நூல் போல வந்தது. தலைவர் மோட்டரின் அழுத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

“கூட்டினா பசை இன்னும் இறுகும், ஐயா.”

“தள்ளினாப் போகாத சாமான் உலகத்தில இல்லைத் தம்பி.”

கூட்டினார்கள். அரை மணித்தியாலம் பாய்ந்தது. கை தட்டினார்கள். பிறகு சொட்டியது. பிறகு அதுவும் இல்லை.

அவசரக் கூட்டம் நடந்தது. ஊத்தை உள்ளே புகுந்ததால்தான் அடைத்தது, ஆகவே ஓட்டை இன்னும் பெரிது என்று கண்டுபிடித்தார்கள். இதைவிடச் சிறிய ஓட்டையுள்ள குழாய்க்கு எழுதத் தீர்மானம் எடுத்தார்கள். வர மூன்று மாதமாம்.

கூட்டம் முடிந்ததும் ரிஸ்லா மோட்டர் அறை வாசலில் நின்றாள்.

“சேர், உம்மா ரெண்டு நாளாக் கிணத்துத் தண்ணிதான் குடிக்கிறா. அதுவும் அரைக் கோப்பை. கால் ரெண்டும் வீங்கிட்டு.”

“தலைவரிட்டச் சொன்னனீங்களா?”

“சொன்னேன். மூணு மாசம் பொறுக்கட்டாம்.” பீப்பாயைப் பார்த்தாள். “இது வேலை செய்யுமா?”

“செய்யும். தீர்மானம் இல்லாமல் மாட்ட ஏலாது. கண்டால் அண்டைக்கே கழற்றிப் போடுவார்.”

“ஏன் காணணும்? ரெண்டும் ஒரே வெள்ளைக் குழாய்தானே. லேபல்தானே வேற.”

அறைச் சாவி அவளிடம்தான் இருந்தது. குழாயை மாற்றுவதற்கு ஒரு மணித்தியாலம் போனது. நிசாந்தின் லேபலைச் சுடுதண்ணீர்த் துணி வைத்து அவளே உரித்து, என் குழாயில் ஒட்டினாள். கிழியவில்லை. கவனமான கை. முதல் தண்ணீரை நன்றாக ஓடவிட்டுப் பரிசோதித்தேன். சுத்தம். அவள் ஒரு கோப்பை பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். செய்த காரியம் பிழையா என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அண்மைக்காலமாக அப்படித்தான்.

ஒரு மாதமாகியும் பாய்ச்சல் குறையவில்லை. அழுத்தம் கொடுத்ததில் ஓட்டைகள் பழகிவிட்டன என்று தலைவர் விளக்கினார். புதிய குழாய் வேண்டாம் என்று எழுதினார். நிசாந் வந்து, தன் லேபலை வருடி, அதனோடு நின்று படம் எடுத்தார். பேசினார். நுண்ணிய துளையே தரம் என்றார். நான் தேத்தண்ணீர் குடித்தேன்.

பிறகு பக்கத்துக் கிராமத்தார் ஆலோசனை கேட்டு எழுதினார்கள். தலைவர் கடிதம் தயாரித்து என் ஒப்பத்துக்கு நீட்டினார். ‘துளை எவ்வளவு சிறிதோ அவ்வளவு சிறப்பு.’ கீழே என் பெயரும் பட்டமும்.

ரிஸ்லா முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் வாய் திறந்தால் குழாய் அந்த நிமிடமே வெளியே வரும். தலைவர் மானமுள்ள மனிதர். தாகத்தை விட மானம் பெரிது, அதுவும் மற்றவர் தாகமென்றால்.

பேனையை எடுத்தேன். கடைசி வரிக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘சவ்வின் மேற்பரப்பு நீரை ஈர்ப்பதாக இருத்தல் கட்டாயம், அதே குளத்துத் தண்ணீரில் நாற்பது நாள் ஓட்டிக் காட்டாத குழாயை ஏற்க வேண்டாம்.’

“இது என்ன தம்பி?”

“தொழில்நுட்ப வசனம், ஐயா. கடிதத்துக்குக் கொஞ்சம் கனம் இருக்கட்டும்.”

அவர் இரண்டு தரம் வாசித்தார்.

“ஓம், நல்லாத்தான் இருக்கு. நானும் இதைத்தான் யோசிச்சனான். ஆனால் என்ர ஒப்பம் மேல வரவேணும்.”

“வரட்டும், ஐயா.”

ஒப்பமிட்டேன். ரிஸ்லா முத்திரை குத்தினாள். பிறகு கலனைத் தூக்கிக்கொண்டு உம்மாவுக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.