நூற்றுக்குப் பதினான்கு

தைத்து முடித்த பையைத் தலைகீழாகப் புரட்டி, உள்தையலை விரலால் தடவிப் பார்க்காமல் அவள் ஒரு பையைக்கூட வெளியே விட்டதில்லை. பள்ளிப் பைகளும் பயணப் பைகளும் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையில் பதினாறு வருஷமாகத் தரம் பார்க்கும் மேஜை அவளுடையதுதான். அவள் கண்ணுக்கு ஒரு நூல் பிசிறுகூடத் தப்பாது என்பதால் தையல்காரர்கள் அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பேர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான். ஆனால் அது அவளுக்குத் தெரியும். உள்ளூர அதில் கொஞ்சம் சந்தோஷமும் உண்டு.

அந்தப் பதினாறு வருஷத்தில் உற்பத்தி மேலாளர் பதவி மூன்று தடவை காலியானது. மூன்று தடவையும் வெளியிலிருந்து ஒருவர் வந்தார். எந்த மெஷின் நூலைத் தின்னும், எந்தத் துணி வெட்டும்போது நழுவும் என்று மூன்று பேருக்கும் சொல்லிக் கொடுத்தது அவள்தான். மூன்றாமவர் வந்த அன்று முதலாளியின் அறைக்கே போய்க் கேட்டுவிட்டாள்.

“உனக்கு வேலை தெரியாதுன்னு யாரும்மா சொன்னது? வணிகவியல்ல ஒரு சான்றிதழ் வேணும். அது இல்லாம பங்குதாரர்கள் ஒத்துக்க மாட்டாங்க,” என்றார் முதலாளி.

“அது இருந்தா குடுப்பீங்களா?”

“அடுத்த தடவை உன் பேரைத்தான் முதல்ல வைப்பேன்.”

அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அதே வாரம் மாலை வகுப்பில் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்து மூன்று.

மாடிவீட்டில் குடியிருந்த ஓரகத்தி, “நானும் வர்றேன் அக்கா,” என்று ஒட்டிக்கொண்டாள். கொழுந்தன் மனைவியான அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருந்தாள். எதையும் ஒரு தடவை படித்தால் அப்படியே ஒப்பிப்பாள். “நீங்க தனியா போனா வழியில யார்கூட சண்டை போடுவீங்க?” என்று ஒரு காரணமும் சொன்னாள்.

பரீட்சையில் சின்னக் கேள்விகள் பெரிய தொல்லை இல்லை. கடைசியில் வரும் இருபத்தைந்து மதிப்பெண் கட்டுரைதான் ஆளை விழுங்கியது. ஏதோ ஒரு நிறுவனத்தின் நிலவரத்தை இரண்டு பக்கத்துக்குக் கொடுப்பார்கள். அதைப் படித்துவிட்டு, அந்த நிறுவனம் இன்னது செய்யலாமா கூடாதா என்று வாதித்து எழுத வேண்டும்.

முதல் மாதிரித் தேர்வில் வந்தது ஒரு சின்னத் தங்கும் விடுதி. விலையைக் குறைக்கலாமா என்பது கேள்வி. அவள் நான்கு பக்கம் எழுதினாள். தங்கள் தொழிற்சாலையில் ஒருமுறை பையின் விலையைக் குறைத்தது, மட்டமான ஜிப் வாங்கியது, திரும்பி வந்த பைகள் மலைபோல் குவிந்தது என்று ஒன்று விடவில்லை. எழுதி முடித்து நிமிர்ந்தபோது நெஞ்சு நிறைந்திருந்தது. கிடைத்தது எட்டு. ஓரகத்தி பாடப்புத்தகத்தின் மூன்று அத்தியாயங்களைக் காற்புள்ளி மாறாமல் இறக்கியிருந்தாள். அவளுக்கு ஒன்பது.

வகுப்பெடுத்த டீச்சருக்கு வயது இருபத்தாறு இருக்கும். விடைத்தாளைக் கொடுக்கும்போது சிரித்தார்.

“அக்கா, நீங்க உங்க கதையை எழுதியிருக்கீங்க. அவங்க புத்தகத்தை எழுதியிருக்காங்க. அந்த விடுதிக்காரர் பாவம், ரெண்டு பேர் வீட்டு வாசல்லயும் நிக்கிறார். யாரும் உள்ள கூப்பிடவே இல்லை.”

வகுப்பே சிரித்தது. அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்த தேர்வில் சொந்தக் கதையைத் தொடவில்லை. விடுதிக்குப் பதிலாக ஒரு அச்சகம் வந்தது. ‘தரம் மிக முக்கியம். தரம் இல்லையென்றால் வாடிக்கையாளர் போய்விடுவார்’ என்று பத்தி பத்தியாக எழுதினாள். பத்து கிடைத்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வி: ‘எந்த வாடிக்கையாளர்? எத்தனை பேர்?’

“பதினாறு வருஷமா தரம் பாக்குறவளுக்குத் தரத்தைப் பத்தி எழுதத் தெரியலையாம்!” என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பொருமினாள். ஓரகத்தி ஜன்னலைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள்.

அதற்கு மூன்று நாள் கழித்துத் தொழிற்சாலையில் ஒன்று நடந்தது. பொதி கட்டும் பிரிவிலிருந்து ஒருவர் அவள் மேஜைக்கு மாற்றலாகி வந்திருந்தார், அவளைவிட மூத்தவர். அவர் ஒதுக்கிய பத்துப் பைகளிலும் ஒரே மாதிரிச் சீட்டு தொங்கியது: ‘தையல் மோசம்.’

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. “அண்ணே, இது என்ன சீட்டு? எந்தத் தையல்? தோள்வாரா, அடிப்பக்கமா? எத்தனை அங்குலம் பிரிஞ்சிருக்கு? இதைக் கொண்டு போய்க் குடுத்தா தைக்கிறவங்க எதைன்னு பிரிப்பாங்க? மோசம்னு சொல்ல நாம எதுக்கு, வழியில போறவனே சொல்லுவானே!”

சொல்லி முடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். டீச்சரின் சிவப்பு மை கண் முன்னால் வந்து நின்றது. ஊருக்குத்தான் உபதேசம் என்று தன்னையே நொந்துகொண்டவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திட்டு வாங்கியவர் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சமையலறை மேஜையில் பழைய வினாத்தாள்களைப் பரப்பிக்கொண்டு ஓரகத்தியையும் உட்கார வைத்தாள்.

“இதைப் படிக்கக் கூடாது. பையைப் பாக்குற மாதிரி பாக்கணும். குறை எங்க இருக்கு, எவ்வளவு இருக்கு, அதனால என்ன ஆகுது? ஒவ்வொண்ணுக்கும் இந்தத் தாள்லயே ஆதாரம் காட்டணும். நம்ம ஊகத்தை எழுதக் கூடாது.”

“அப்புறம் முடிவு?”

“முழுக்க நல்ல பை, முழுக்க கெட்ட பைன்னு தினம் எத்தனை வரும்னு நினைக்கிறே? முக்காவாசி ‘இதைச் சரி பண்ணினா அனுப்பலாம்’னுதான் வரும். அந்த மாதிரி எழுதணும். என்ன நடந்தா சரி, என்ன நடக்கலைன்னா தப்புன்னு.”

ஓரகத்தி தன் பாடப்புத்தகத்தை இழுத்துப் புரட்டினாள். “அப்ப நான் மனப்பாடம் பண்ணினதெல்லாம்?”

“அது ஊசி, நூல். வேணுங்கற இடத்துல எடு. மொத்தப் பெட்டியையும் கொட்டாதே.”

பரீட்சை நாள் வந்தது. கட்டுரைக்கு வந்தது மடக்கு நாற்காலி செய்யும் ஒரு நிறுவனம். மாதம் நாலாயிரம் நாற்காலி செய்கிறார்கள். தேவையோ நாலாயிரத்து நானூறு. இடம் போதவில்லை என்கிறார் இயக்குநர். இரண்டாவது தொழிற்சாலை கட்டலாமா?

பக்கத்து மேஜைகளில் பேனாக்கள் உடனே ஓட ஆரம்பித்தன. அவள் எழுதவில்லை. தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அட்டவணையின் கடைசி வரியில், பழுதாகித் திரும்பி வரும் நாற்காலிகளின் கணக்கு இருந்தது. ஆரம்பத்தில் நூற்றுக்கு இரண்டு. இப்போது நூற்றுக்குப் பதினான்கு. எப்போதிலிருந்து என்று விரல் வைத்துத் தேடினாள். முதல் பக்கத்தில், போகிறபோக்கில் ஒரு வாக்கியம்: எட்டு மாதத்துக்கு முன், நாற்காலியை மடக்கும் கீல் வாங்கும் இடத்தை மாற்றினார்கள். திரும்பி வருவது கூடியது அதற்கு இரண்டு மாதம் கழித்து. அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: ஒரு நாற்காலியைப் பழுது பார்க்கப் புதிது செய்யும் அதே நேரம் ஆகிறது, அதே மெஷின்களில்.

மனக்கணக்குப் போட்டாள். மாதம் ஐந்நூற்று அறுபது நாற்காலிகள் திரும்பி வருகின்றன. பழையபடி எண்பதாகக் குறைந்தால், மிச்சமாகும் நேரத்தில் நானூற்று எண்பது புதிய நாற்காலி செய்யலாம். குறைவதோ நானூறுதான். இடம் போதாமல் இல்லை, கீல் சரியில்லை.

அப்புறம்தான் பேனாவைத் திறந்தாள். முதலில் இயக்குநர் பக்கத்து நியாயத்தை எழுதினாள்: தேவை கூடுகிறது, போட்டி நிறுவனம் ஒன்று வளர்கிறது என்று தாளிலேயே இருக்கிறது. பிறகு கீலை எடுத்து, எண்களோடு வைத்தாள். தன் தொழிற்சாலை ஜிப் கதை நாக்கு நுனிவரை வந்தது; விழுங்கிக்கொண்டாள். கடைசியில் தீர்ப்பு: முதலில் கீலை மாற்றட்டும். ஆறு மாதத்தில் பழுது குறைந்தும் தேவை நாலாயிரத்து ஐந்நூறைத் தாண்டினால், அப்போது கட்டலாம்.

வெளியே வந்ததும் ஓரகத்தி கேட்டாள். “நான் கட்டலாம்னு எழுதினேன் அக்கா. பேசினவங்க எல்லாரும் அப்படித்தான் எழுதியிருக்காங்க. நீங்க?”

“இப்போ வேண்டாம்னு எழுதினேன்.”

ஓரகத்தியின் முகம் போன போக்கைப் பார்த்து, வினாத்தாளை மறுபடி பிரித்து அட்டவணையின் கடைசி வரியைத் தேடினாள். ஏழு வாரம் அந்த முகம் அவள் கூடவே இருந்தது.

முடிவு வந்த அன்று டீச்சரே தொழிற்சாலைக்குத் தொலைபேசியில் அழைத்தார். “அக்கா, இருபத்து நாலு! தேர்வர்கள்ல பெரும்பாலானவங்க அட்டவணையோட கடைசி வரியைப் பாக்கவே இல்லைன்னு தேர்வுக் குழு அறிக்கையில போட்டிருக்காங்க. பாத்து எழுதின ஒரு விடையை மட்டும் அடுத்த வருஷ மாணவங்களுக்கு மாதிரியா அச்சடிக்கப் போறாங்க. அது உங்களோடது.”

“என் ஓரகத்திக்கு?” என்றுதான் முதலில் கேட்டாள்.

“பதினேழு. நல்லாத் தேறிட்டாங்க.”

பதினேழு வாங்கியவள்தான் தெரு முழுக்கச் சொன்னாள். பல் பிடுங்க வந்தவர்களையும் விடவில்லை. “வாய் திறந்து உக்காந்திருக்கறவங்க மறுத்துப் பேச முடியாதில்ல,” என்றாள்.

நான்கு மாதத்தில் மேலாளர் பதவி மறுபடி காலியானது. முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பங்குதாரர்களின் முன்னால் அவளை உட்கார வைத்தார். போன வருஷம் திரும்பி வந்த பைகளில் பாதிக்கு மேல் எந்த ஒரே காரணத்தால் வந்தன என்று மாத வாரியாகக் காட்டினாள். கேள்வி கேட்க வந்தவர்கள் குறிப்பெடுத்தார்கள். பக்கத்தில் இருந்த முதலாளி, தானே பிள்ளையைப் பெற்றவர் மாதிரி எல்லாரையும் பார்த்துப் பூரித்தார். அந்த மாதமே மேலாளர் பதவி அவளுக்கு வந்தது.

அச்சான மாதிரி விடை ஒரு நாள் தபாலில் வந்தது. மேலே அவள் பேர் இல்லை, தேர்வு எண்தான். பஸ் ஓட்டுநரான அவள் கணவர் வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். படிப்பதென்றால் அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அவள் எதிரே உட்கார்ந்து, துவைத்த துணிகளை மடிக்கிற சாக்கில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே துண்டை மூன்று தடவை மடித்துவிட்டாள்.

கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு அவர் மெதுவாக நிமிர்ந்தார்.

“ஏம்மா, கீலை மாத்தினாங்களா அவங்க?”

“அது நிஜக் கம்பெனி இல்லைங்க. பரீட்சைக்காகச் சொன்னது.”

“இருக்கட்டும்,” என்றார் அவர், தாளைச் சுருக்கம் விழாமல் மேஜைமேல் வைத்தபடி. “இதைப் படிச்சா மாத்தாம இருக்க முடியாது.”