எதிர்ச்சுவர்

மூச்சு நின்றபோது அந்த அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். தலையணையைச் சரிசெய்வதற்காகத் தலையைத் தூக்கிப் பிடித்திருந்த மகள், நாடி பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ், வெந்நீர்க் கிண்ணத்தோடு அண்ணி, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நிலைப்படியில் அண்ணன். ஐந்தாவது ஆள், கட்டிலில் கிடந்த தம்பி.

அண்ணன் அந்த வீட்டு வாசலை மிதித்து ஒன்பது வருடமாகியிருந்தது. முப்பத்தாறு ஆண்டு நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர்; வழக்காடிகள் வாங்கிக் கொடுத்த தேநீரைக்கூடத் தொட்டதில்லை. தம்பிக்கு நகராட்சியில் வேலை. தெருச் சுவர்களில் யாராவது படம் வரைந்துவிட்டுப் போனால் அதன்மேல் வெள்ளை அடித்து மறைப்பது. ஆனால் அவன் அடித்த வெள்ளை மட்டும் இரண்டு மழைக்குமேல் தாங்காது. ஓரங்களில் உப்பி உரியும். பெயிண்டை வெளியே விற்றுவிட்டுத் தண்ணீரைக் கலந்து அடிக்கிறான் என்று புகார் போயிற்று. விசாரணையில் அவன் வாயைத் திறக்கவில்லை. வேலை போயிற்று. காலையில் பூசினால் சாயங்காலம் மூஞ்சி தெரியும் என்று தெரு சிரித்தது.

“இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுடா” என்று அண்ணன் கேட்டுப் பார்த்தார். தம்பி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றோடு பேச்சு அறுந்தது.

அதற்குப் பிறகும் அவன் கையில் டப்பாவும் தூரிகையுமாகத் தெருத்தெருவாக அலைந்து, உரிந்த இடங்களைப் பூசிக்கொண்டிருந்தான். செய்த தப்புக்குப் பரிகாரம் தேடுகிறான் என்றார்கள். அண்ணனும் அப்படித்தான் நினைத்தார்.

நர்ஸ் போனபின், உடம்புக்குப் போட நல்ல சட்டை தேடி அண்ணன் தகரப் பெட்டியைத் திறந்தார். சட்டைக்குக் கீழே ஏழு நோட்டுகள் இருந்தன. மேலே இருந்ததைப் புரட்டினார். தெரு, சுவரின் நீளம், தேதி, கையெழுத்து. எங்கும் ஓர் அடித்தல் இல்லை. எழுத்தர் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது. ஒரு பக்கத்தில், ‘நம் வீட்டு எதிர்ச்சுவர். இரண்டு மீன்கள், நீலம். ஒன்றுக்குக் கண் வரையவில்லை. பதினோரு தாள்’ என்றிருந்தது.

“என்ன தாள்?”

மகள் எழுந்து கதவைச் சாத்தினாள்.

“படத்துமேல மெல்லிசாக் காகிதம் ஒட்டிட்டு, அதுக்குமேலதான் அப்பா வெள்ளை அடிச்சிருக்காரு, பெரியப்பா. ஈரத்துணி வச்சு உரிச்சா அடியில படம் அப்படியே இருக்கும். காகிதம் மழையில ஊறித்தான் வெள்ளை உரிஞ்சிச்சு.”

அடுப்படியில் எப்போதும் மாவுப் பசை காய்ச்சிய பாத்திரம் இருக்குமே என்று அண்ணனுக்கு நினைவு வந்தது. சுவரொட்டி ஒட்டவும் போகிறான் போலிருக்கிறது என்று அதற்கும் சேர்த்து அந்த நாளில் கூசியிருக்கிறார்.

“விசாரணையில இதைச் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா மறுநாளே எல்லாத்தையும் சுரண்டியிருப்பாங்க. நூத்திநாப்பது சுவரு. இப்ப அருங்காட்சியகத்துக்காரங்க அந்தப் படங்களைக் காப்பாத்தணும்னு மனு போட்டிருக்காங்க. உத்தரவு வர்ற வரைக்கும் வெளிய தெரியக்கூடாது. உங்ககிட்டயும் சொல்லக்கூடாதுன்னாரு.”

“என்கிட்டயுமா?”

“உங்ககிட்டதான் முக்கியமா. அண்ணனுக்குத் தெரிஞ்சா என் மானத்தைக் காப்பாத்துறேன்னு நேரா ஆபீசுக்குப் போயிடுவாருன்னு சொல்லுவாரு.”

அண்ணன் நோட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். தம்பிக்குச் சட்டை போட்டுவிட்டு, கழுத்துப் பொத்தான்வரை ஒவ்வொன்றாக மாட்டினார். நகக்கண்ணில் இருந்த வெள்ளை, ஈரத்துணியால் துடைத்தும் போகவில்லை.

மதியம் நகராட்சி மேற்பார்வையாளர் மாலையோடு வந்தார். மாலையைச் சாத்திவிட்டு, எதிர்ச்சுவர் ஓரமாக நின்றிருந்த அண்ணனிடம் போனார். தெருவில் முப்பது பேராவது நின்றிருப்பார்கள்.

“நல்ல மனுஷன் சார். அந்தப் பெயிண்ட் விஷயம் ஒண்ணுதான். போனவரைப் பத்தி இப்ப எதுக்கு? நாங்க எல்லாம் மன்னிச்சிட்டோம்.”

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். நோட்டின் எண், பக்கம், தேதி மூன்றும் அவர் நாக்கு நுனிவரை வந்து நின்றன. முப்பத்தாறு வருடப் பழக்கம். வாசலில் தம்பி மகள் கையில் சொம்போடு அசையாமல் நின்றாள்.

“வண்டி வந்திருச்சு” என்றார் அண்ணன். “தூக்கலாம்.”

மேற்பார்வையாளர் சொன்னதைக் கேட்டு, தம்பி திருடியதை அண்ணனே தலைகுனிந்து ஒத்துக்கொண்டார் என்று மறுநாள் முதல் தெருவில் பேச்சு. அது தவறு. சுவரின் அடியில் விரலளவுக்கு வெள்ளை உரிந்து நீலமாக ஒரு மீன்வால் தெரிந்தது. அதற்காகத்தான் அவர் குனிந்தார். கட்டைவிரலால் அழுத்தி, அது ஒட்டும்வரை பொறுத்திருந்துவிட்டு நிமிர்ந்தார்.